அனுபவப்பட்ட ரத்தம்

சிக்னலில் சிவப்பு விழுந்துவிட்டால் போதும், பிரேக் அக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக்கொண்டு நரம்பைத் தடவிக் காட்டத் தொடங்கிவிடுவார். "இதுல ஓடுறது சாதாரண ரத்தம் இல்ல. ரெண்டு டெங்குவப் பாத்த ரத்தம். ஆராய்ச்சி நிலையத்துல வருஷா வருஷம் கூப்பிட்டு எடுத்துக்கறாங்க." ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கும் மாணவிக்கு ரத்தத்தைப் பற்றி என்ன கவலை? பச்சை விழுந்ததும் கதை பாதியில் நிற்கும். "கிளட்ச்ச மெதுவா விடு. அது ஒண்ணும் உன் மாமியார் கால் இல்ல."

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பெயர் அதனால் வந்தது. வண்டியில் ஏறியதும் சீட் பெல்ட்டுக்கு முன்னால் கொசுவிரட்டிக் களிம்பு பூசியாக வேண்டும். ஓடும்போது உள்ளே ஒரு கொசு தட்டுப்பட்டால் வண்டியை ஓரங்கட்டி, நான்கு கதவையும் திறந்துவைத்து, அது செத்ததா போனதா என்று தெரிந்த பிறகுதான் மறுபடி பாடம்.

முதல் டெங்கு அவருக்கு இளவயதில் வந்தது. படுத்தார், எழுந்தார், மறந்தார். பல வருஷம் கழித்து இரண்டாவது வந்தபோதும் அலட்டிக்கொள்ளவில்லை. காய்ச்சல் விட்டதும் ஆளே தெளிந்துவிட்டதாக நினைத்துக் குளிக்கப் போனவர், குளியலறையிலேயே சுருண்டு விழுந்தார். மெக்கானிக்கான கணவர் கையில் கிரீஸோடு தூக்கிக்கொண்டு ஓடினார். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டு வந்ததும் டாக்டரிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி, ஒரு தடவை வந்து போனதை உடம்பு கற்றுக்கொண்டிருக்க வேண்டாமா என்பதுதான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். டெங்குவில் நான்கு வகை. முதல் முறை உடம்பு செய்துவைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதே வகையை அடித்துவிடும். வேறு வகை வந்தால், சிலருக்கு அவை கிருமியைப் பிடிக்குமே தவிரச் செயலிழக்கச் செய்யாது. பிடித்தபடியே உயிரணுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அக்கா இதைத் தன் பாணிக்கு மாற்றிக்கொண்டார். "வாட்ச்மேன் திருடனப் பாத்து, எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு கையப் புடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டான்."

இரண்டு வகையைப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் மற்ற வகைகளிலிருந்தும் ஓரளவு காப்பு கிடைக்கிறதாம். அந்த ரத்தம் ஜிகா போன்ற உறவுக்காரக் கிருமிகளிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஒன்றும் உறுதியில்லை என்று டாக்டர் எச்சரித்தார். அதுதான் காப்பு வந்துவிட்டதே, களிம்பு இனி எதற்கு என்று கணவர் கிண்டலடித்தார். "லைசென்ஸ் வந்துருச்சுன்னு சீட் பெல்ட்டக் கழட்டிருவியா?" என்று அக்கா அவர் வாயை அடைத்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு தையல்காரப் பெண் பாடத்துக்கு வந்தாள். அடுத்த வாரம் ஓட்டுநர் தேர்வு. நாலைந்து நாளாகக் காய்ச்சல், இன்று காலைதான் விட்டது என்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. வழியில் வண்டியை நிறுத்தி இருமுறை வாந்தி எடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கியர் மேல் இருந்த அவள் கையைத் தொட்டுப் பார்த்தார் அக்கா. சில்லிட்டிருந்தது.

"முன்னாடி எப்பவாவது டெங்கு வந்திருக்கா?"

"சின்ன வயசுல வந்துச்சுக்கா. அதனாலதான் பயமில்ல. ஒரு தடவ வந்தா மறுபடி வராதில்ல?"

அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து, அவளைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்தி, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவள் வீட்டுக்குப் போகலாம், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், தைத்துக் கொடுக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் திட்டு வைத்திருக்கும் அக்கா அன்று ஒருவரையும் திட்டவில்லை. மருத்துவமனை வாசலில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். "காய்ச்சல் விட்ட நாள்தான் எனக்கு எமன் வந்தான். நீ நட, நான் புடிச்சுக்கறேன்."

சோதித்ததில் இதுவும் டெங்குதான்; ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. உடனே சலைன் ஏற்றினார்கள். அன்று இரவை வீட்டில் கழித்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அக்கா அதை இன்றுவரை யாரிடமும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை.

பெண் பிழைத்தாள், தெம்பு வந்ததும் தேர்விலும் தேறினாள். இந்த வருஷம் ஆராய்ச்சி நிலையத்துக்கு வண்டியை ஓட்டிவந்தவளும் அவள்தான். அவளிடமும் இப்போது இரண்டைப் பார்த்த ரத்தம் இருக்கிறதே. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம், "என் ஸ்டூடண்ட். புத்தம்புது ரத்தம். நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று அறிமுகம் நடந்தது. தையல்காரி கையை நீட்டினாள், வேலை முடிந்தது, பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

அடுத்து அக்கா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோ எடுக்கப் போகிறவர் போல முகவாயை உயர்த்தினார். நர்ஸ் ஊசியின் உறையைக் கழற்றும் சத்தம் கேட்டதும், கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.