இரண்டாவது மருந்து

என் கணவருக்குக் கழுத்தில் கட்டிகள் மறுபடி தலைகாட்டியபோது சுனாமி வந்துபோய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்தமானில், ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. எங்கள் ஒரே மகளை அலை கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. "கையிலிருந்து இழுத்துக்கிட்டுப் போயிருச்சு," என்று அன்று சொன்னார். பிறகு அவர் அதைப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மெதுவாக வளரும் லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய், என்று சென்னையில் கண்டுபிடித்துக் கீமோ கொடுத்திருந்தார்கள். கட்டிகள் கரைந்தன. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

"பழைய கீமோவையே திரும்பக் குடுத்துப் பிரயோஜனமில்லம்மா," என்றார் டாக்டர். "கேன்சர் செல்லைத் தேடிப் போய்ப் பிடிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அதோட வேற ஒரு கீமோவும் சேர்த்து, நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு தடவை. அடியோட போயிரும்னு சொல்லமாட்டேன். அடக்கி வைக்கலாம்."

ஊருக்கு வந்து துணிமணி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். வந்த இடத்தில் அவர் கப்பலேற மறுத்துவிட்டார்.

"மெயின்லேண்ட்ல மாசக்கணக்கா கெடந்தா, புள்ள வரையில வீடு பூட்டியில்ல கெடக்கும்."

அது சுனாமிக்குப் பிறகு அரசு கட்டிக்கொடுத்த வீடு. அவள் பார்த்தேயிராத வீடு. பக்கத்து வீட்டு வங்காளி அக்காதான், "தர்வாஜா குலா ரஹேகா, தாதா," என்றாள். கதவு திறந்தே இருக்கும் அண்ணா என்று அவள் சொன்ன பிறகே கிளம்பினார்.

முதல் நாள் மருந்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் வந்து கட்டிலே ஆடியது. நர்ஸ் ட்ரிப்பை நிறுத்தி ஊசி போட்டாள். முதல் தடவை சிலருக்கு இப்படி வரும் என்றாள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் விட்டேன். நீ கூப்பிட்ட. ரெண்டு பேரையும் புடிக்க ஏலல."

தண்ணீருக்குள்ளிருந்து அவரைக் கூப்பிட்டது எனக்கு நினைவிருந்தது. அவர் வந்து பிடித்ததும். அவர் மறு கையில் மகள் இருந்தது அதுவரை தெரியாது.

"எனக்குத் தெரியும்," என்றேன், அவர் நடுக்கம் அடங்கட்டும் என்று.

நடுக்கம் நின்றதும் இன்னும் மெதுவாக ஏற்றினார்கள். மூன்றாம் தடவைக்குள் கழுத்துக் கட்டிகள் அமுங்கிவிட்டன. ஆறும் முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி அனுப்பினார்கள்.

குளிரில் நடுங்கியபடி என்னிடம் சொன்னது அவருக்கு நினைவில்லை. திரும்பும் கப்பலில் வெகுநாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டார். நான் மேல்தளத்துக்கே போகவில்லை. கடல் பக்கம் போனாலே, அவரைக் கூப்பிட்ட என் குரல் எனக்குக் கேட்கிறது.