அக்னஸ் போடாத கையெழுத்து

அக்னஸ் அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பாபநாசத்தில் அவர் பேச்சு வந்தால் "கம்பெனிய மூட வெச்ச பொம்பளை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து எழுதிவைக்க நினைக்கிறேன்.

கம்பெனி என்பது பெரிய சொல். கீழே மோட்டார் காயில் கட்டும் கடை, மேலே நாங்கள். இரண்டுக்கும் முதலாளி இராஜாங்கம் சார். காயில் கட்டியே முன்னுக்கு வந்தவர். செல்போனில் மோட்டாரைப் போடும் பெட்டிகள் கடைகளில் எத்தனையோ இருந்தன. அவர் ஆசைப்பட்டது வேறு பெட்டி. இங்கே ஒரு போர்வெல்லில் நாலைந்து பங்காளிகள் தண்ணீர் எடுப்பார்கள். ஒருவர் முறை நடக்கும்போது கரண்ட் போய்விட்டால், போன நேரம் யார் தலையில் என்று வரப்பிலேயே சண்டை வரும். அந்த நேரத்தைக் கணக்கு வைத்து, அவரவர் பங்குக்கு ஏற்ப முறையை நகர்த்தித் தரும் பெட்டி அது. அதற்கு நிரல் எழுதியவர் அக்னஸ் அக்கா.

அக்கா தஞ்சாவூரில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, அம்மா பக்கவாதத்தில் விழுந்ததும் திரும்பி வந்தவர். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, பஸ் பிடித்து, வேலைக்கு வரும்போதே களைத்திருப்பார். எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக எழுத முடியாது. அதனால் சிக்னல் வாங்குவது, நேரம் பார்ப்பது போன்ற அடிப்படை வேலைகளுக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருந்த நிரலை எடுத்து, அதன்மேல் தன்னுடையதை ஒட்டினார். அதில் தப்பில்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் எழுதியவர் பெயரையும் நிபந்தனையையும் அழிக்கக் கூடாது. அதோடு ஒட்டி ஒரே பொருளாக விற்றால், வாங்கியவர் கேட்கும்போது முழு மூலநிரலையும், நாம் எழுதியதையும் சேர்த்து, கொடுக்க வேண்டும். அவர் அதை மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதுதான் லைசென்ஸ்.

முதல் பெட்டி விற்ற வருஷம் ஆயுதபூஜைக்கு இராஜாங்கம் சார் கீழே ஸ்பேனருக்கும் மீட்டருக்கும் சந்தனம் வைத்துவிட்டு மேலே வந்தார். கணினிக்கும் வைத்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா, கணக்கு நோட்டுன்னா மொதல் வரியில சாமி பேரு இருக்கும். உன் ஃபைல்லாம் எப்படி ஆரம்பிக்குது?"

"ஏதோ இங்கிலீஷ்ல இருக்கும் சார்."

"அத எடுத்துட்டு வீரனார் துணைன்னு போடு. கீழ நம்ம கம்பெனி பேரப் போடு."

"ஒண்ணுலயாவது அந்தோணியார் துணைன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்க. ரெண்டு பேரும் காவக்காரங்கதான்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா ஒரு சின்ன நிரல் எழுதி, எல்லாக் கோப்புகளின் தலையிலும் இருந்ததை எடுத்துவிட்டு வீரனாரை உட்காரவைத்தார். அந்தத் தலைப்புகளில்தான் எழுதியவர் பெயரும் லைசென்சும் இருந்தன. அன்று யாருக்கும் அது உறைக்கவில்லை, அவருக்கும்கூட. மதியம் பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மூன்று வருஷம் பெட்டி நன்றாக விற்றது. பிறகு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து புகழேந்தி என்பவர் கூப்பிட்டார். வாடிக்கையாளர் போனை எடுப்பது என் வேலை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், எங்க அத்தைங்க ரெண்டு பேரும் கேஸ் போட்டுப் பங்கு வாங்கிட்டாங்க. இப்ப எனக்கு ஏழுல ரெண்டு. உங்க பெட்டி அரை, கால்னுதான் எடுத்துக்குது."

"அடுத்த மாடல்ல வரும் சார்."

"அதுக்குள்ள அத்தை என்னை வெட்டிடுவாங்க. நானும் கம்ப்யூட்டர் படிச்சவன்தான். லேப்டாப்ப மாட்டிப் பாத்தேன், ஸ்டார்ட் ஆகும்போது வேற ஒரு ப்ரோகிராம் பேரு ஓடுது. அது ஓப்பன் சோர்ஸ். கேட்டா கோடு குடுக்கணும்ல?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

"குடுக்கணும்," என்றார்.

அதே மாதம்தான் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று பெட்டித் தொழிலையே மொத்தமாக வாங்க வந்தது. எங்கள் ஏழு பேரையும் வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நிரல் முழுவதும் இந்த நிறுவனமே சொந்தமாக எழுதியது, வெளியார் உரிமை எதுவும் இல்லை என்று எழுதியவரே கையெழுத்திட்ட ஒரு தாள் மட்டும் வேண்டும் என்றார்கள். மேட்டூர் அணை திறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

அக்கா தாளைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இது பொய் சார்."

"வெளிநாட்டுக்காரன் பாபநாசம் வந்தா கேக்கப்போறான்?"

"அவரு கேக்கல. மன்னார்குடிக்காரரு கேக்கறாரு."

"சும்மா கெடச்சதுக்கு என்னம்மா கண்டிஷன்?"

"மோட்டாருக்கு கரண்ட் சும்மாதான் வருது. அதுல இழுத்து ரைஸ்மில்லு ஓட்டினா ஈ.பி.காரங்க விடுவாங்களா?"

"அதனாலதான் ராத்திரியில ஓட்டுறாங்க," என்றார் சார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

மூன்று மாதம் கொடுத்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத் தானே புதிதாக எழுதித்தருவதாகச் சொன்னார். மூன்று மாதம் கிடையாது. கிடைத்திருந்தாலும், ஏற்கெனவே வயல்களில் ஓடும் பெட்டிகளுக்கு அது பதில் ஆகாது. எது நம்முடையது, எது வெளியாருடையது என்று பிரிக்க உட்கார்ந்தபோது இன்னொரு சங்கடம். எல்லாக் கோப்பிலும் வீரனார்தான் இருந்தார். இணையத்தில் இருந்த பழைய மூலத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டார். மருந்துக் கடையில் வாங்கிய கண் சொட்டு மருந்து மேசையிலேயே இருக்கும். விட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பார்.

கடைசி வழியாக, எழுதியவரிடமே கேட்டார். எங்களுக்கு மட்டும் தனி அனுமதி தர முடியுமா என்று மின்னஞ்சல் அனுப்பினார். மரியாதையான பதில் வந்தது. பல ஊர்க்காரர்கள் இதில் திருத்தம் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் சம்மதிக்காமல் நான் ஒருவன் எழுதிக்கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தார்.

அக்கா அதைத் தமிழில் சொன்னதும் இராஜாங்கம் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கூட்டுப் பட்டாவா?"

"ஆமா சார்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

அவருக்கே மூன்று தம்பிகளோடு கூட்டுப் பட்டாவில் நிலம் இருக்கிறது. ஒருவன் துபாயில், ஒருவனோடு பேச்சே இல்லை. பத்து வருஷமாக ஒரு குழிகூட விற்க முடியவில்லை. அதன்பிறகு லைசென்ஸ் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனாலும் மறுநாள் தாளை அக்கா மேசையில் வைத்துவிட்டு, எங்கள் ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இவங்க மொகத்தப் பாத்துட்டுச் செய்யி."

யாரும் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் அக்கா கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு ஒரு பதில் அடித்து, அனுப்பும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எந்தெந்தக் கோப்பு யாருடையது, அதற்கு என்ன நிபந்தனை, தலைப்புகளை அழித்தது தான்தான் என்று இருந்தது.

"சுடர், வேற வழி ஏதாச்சும் தெரியுதா ஒனக்கு?"

"இல்லக்கா."

"எனக்கும் தெரியல. ரொம்ப அசதியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

பிறகு தலைப்புகளைத் திருப்பிப் போட்டு, தன் பகுதிக்குத் தன் பெயரை எழுதி, முழு மூலநிரலையும் புகழேந்திக்குக் கொடுத்தார். சார் தடுக்கவில்லை. அக்கா அதை இணையத்திலும் வைத்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் நன்றி தெரிவித்து எழுதினார்கள். பொதுவில் கிடைப்பதை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை என்றும் எழுதினார்கள். அடுத்த சம்பாவுக்கு அவர்கள் பெட்டியில் எங்கள் முறைக் கணக்கு அப்படியே வந்தது. அக்கா பெயர், வெளிநாட்டுக்காரர் பெயர், மூலநிரல் கிடைக்கும் முகவரி எல்லாம் ஒழுங்காக அச்சிட்டிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வெல குடுத்து வாங்க வந்தவனுக்கு வெத்தல பாக்கு வெச்சு சும்மா குடுத்துட்டியேம்மா," என்றார் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பிறகு மேல்தளத்தைக் காலி செய்தோம்.

அக்கா வீட்டிலிருந்தபடி சில்லறை வேலைகள் எடுத்துச் செய்தார். முதலில் அம்மா போனார். அடுத்த வருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. பார்த்தபோது முற்றியிருந்தது. அடக்கத்துக்கு இராஜாங்கம் சார் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் தனியாக நின்றுவிட்டுப் போனார். கூட வேலை பார்த்தவர்களில் நானும் இன்னொருவரும்தான் வந்திருந்தோம்.

மருத்துவமனையில் இருந்தபோது ஒருநாள் அக்கா தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லை என் போனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். "யாராச்சும் சந்தேகம் கேட்டா பதில் சொல்லிடு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்றார். கேட்கிறார்கள். அக்காவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அந்த நிரலோடு ஊர் ஊராகப் போயிருக்கின்றன. சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒருவர் இன்று எழுதியிருக்கிறார். இறைக்க இறைக்கத் தண்ணீர் உப்பாகிவிடுகிறதாம். உப்பு ஏறியதும் முறையை நிறுத்திவிட்டு, மீதி நேரத்தை அந்தப் பங்காளிக்கு மறுநாள் ஈடு கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். அக்காவின் கோப்பைத் திறந்து வாசித்தேன். பாதிதான் புரிகிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.

"நன்றி அக்னஸ் மேடம்," என்று உடனே எழுதியிருக்கிறார்.