இருபத்திரண்டாவது நிமிடம்

கடந்த வியாழன் மாலை, பெங்களூரின் ஹெப்பகோடிக்கு அருகே ஒரு செம்மண் மைதானத்தில், எங்கள் பக்கி இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றுபோனது. மறுபடியும்.

பக்கி என்பது மேடு பள்ளங்களில் ஓட்டுவதற்காக எங்கள் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டி. இரும்புக் குழாய்க் கூடு, ஒற்றை இருக்கை, அதன் முதுகுக்குப் பின்னால் சிறியதோர் இன்ஜின். சனிக்கிழமை ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் போட்டிக்கு அனுப்புவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

இலக்கியம் படிக்கும் எனக்கு அங்கே என்ன வேலை? குறிப்பேடு. எப்போது ஓடியது, எப்போது நின்றது, யார் எதைக் கழற்றினார்... எல்லாவற்றையும் எழுத வேண்டும். "ஸ்பானரை மட்டும் தொடாதே தாயே!" என்பது கேப்டன் பிரவீன் முதல் நாளே விதித்த நிபந்தனை.

அன்றும் பிளக்கை மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழுவினார்கள். நான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆயுத பூஜைக்கு முன்பு இன்ஜின் ஒருமுறைகூடத் தானாக நின்றதில்லை. அதற்குப் பிறகு — இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்திரண்டு.

பூஜையன்று என்ன எழுதியிருந்தேன்? 'பூசணி உடைத்தோம். இன்ஜினுக்கு மாலை போட்டு, மாலையோடு பத்து நிமிடம் ஓட்டினோம்.'

"பிரவீன், அந்த ஃபேன் மூடியைக் கழட்டிப் பாக்கலாமா? மாலை போட்ட அன்னிலேர்ந்துதான் நிக்குது."

"என்ன கவிதாயினி, சாமி குத்தமா? சும்னே இரு குரு, ஏற்கெனவே தலை வலிக்குது," என்றான், பாதி கன்னடத்தில்.

இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. உள்ளே சுழலும் விசிறி, வலைமூடி வழியாகக் காற்றை இழுத்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளில் தள்ளும். அந்தக் காற்று நின்றால் சூடேறி இன்ஜினும் நிற்கும். இதை எனக்குக் கற்றுத்தந்தது அவர்கள் எழுதிய அறிக்கைதான். பிழை திருத்திக் கொடுத்தது நானாயிற்றே!

"நாலு போல்ட்தானே? அஞ்சு நிமிஷம்," என்றேன்.

"அப்போ நீயே கழட்டு." பத்தாம் நம்பர் ஸ்பானரை நீட்டினான். கேலியாகத்தான்.

வாங்கிக்கொண்டேன். மூன்றாவது போல்ட் மட்டும் அடம்பிடித்தது, நானும் பிடித்தேன். மூடி கையோடு வந்தது.

தகடுகளின் இடுக்கெல்லாம் செவ்வந்தி இதழ்கள். கருகி, எண்ணெயில் ஊறி, களிம்பாக இறுகிக்கிடந்தன.

பிரவீன் ஓர் இதழைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: "ரெண்டு முழம் போதும்னாங்க மச்சா... நான்தான் நாலு முழம் வாங்கினேன்."

ஒரு பழைய டூத் பிரஷால் ஒவ்வோர் இடுக்காக நானே சுரண்டி எடுத்தேன்.

சனிக்கிழமை, இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இருபத்து மூன்று. முப்பது. அறுபது! "கவிதாயினி, நிறுத்தலாமா?" என்று பிரவீன் வண்டியிலிருந்தபடி என்னிடம் கேட்டான். பேராசிரியரிடம் அல்ல.

ஏதாவது கெட்டுப்போனால் நாம் எதையெல்லாம் சந்தேகிக்கிறோம்... ஆசை ஆசையாகச் செய்ததை மட்டும் விட்டுவிடுகிறோம்!

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். வியாழக்கிழமைப் பக்கத்தில் 'சரிசெய்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. என் பெயரை எழுதினேன். பக்கத்திலேயே, அன்று பதிந்த என் கட்டைவிரலின் கிரீஸ் ரேகை. கறை பட்ட பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான் என் வழக்கம்.

இதைக் கிழிக்கவில்லை.