நூற்றுப் பதினாலாம் நம்பர் ஸ்டிக்கர்

சட்டைக் கம்பெனியில் அவளைக் காஜா அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பொத்தானுக்குக் காஜா போடுகிற வேலை, பதினோரு வருஷமாக. கம்பெனியின் காஜா மெஷின் மண்டையைப் போட்டபோது, முதலாளி கெஞ்சினாரே என்று வீட்டிலிருந்த சொந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். யாரிடமோ பழசாக வாங்கியது. அதற்கு ரசீதாவது ஒன்றாவது! ஸ்டிக்கர் இல்லாத மெஷினைச் சர்வீஸ்காரன் தொடமாட்டான். அதனால் சாமான் கணக்கு பார்க்கும் ஸ்டோர் அண்ணன் கமுக்கமாக நம்பர் போட்ட ஒரு கம்பெனி ஸ்டிக்கரை அதில் ஒட்டிவிட்டார்.

நாலு வருஷம் கழித்து அந்த ஸ்டிக்கரே வினையாக வந்து நின்றது.

கம்பெனி திவால். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கோர்ட் நியமித்த அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்து சம்பளப் பாக்கி ஃபார்ம்களை வாங்கினார். அந்தப் பக்கம் கடன் கொடுத்த வங்கியின் ஆட்கள், ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். சம்பளம் வரும்போது வரட்டும். மெஷின் போனால் நாளைக்கே அடுப்பு எரியாது. கணவர் இடுப்பொடிந்து படுத்திருக்கிறார், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்.

"சார், அது என்னோட மெஷின் சார்!"

"ஸ்டிக்கர் இருக்கேம்மா. பில் இருக்கா?"

பில்லுக்கு அவள் எங்கே போவாள்?

ஃபார்மைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஸ்டோர் அண்ணன் நின்றார். பேசாமல் போயிருக்கலாம், மனுஷன் போகவில்லை.

"அதை ஒட்டினது நான்தான் சார். கம்பெனி சாமான் லிஸ்ட்ல நூத்திப்பதினாலைப் பாருங்க."

அதிகாரி பார்த்தார். "சீலிங் ஃபேன்னு போட்டிருக்கு?"

"ஆமா சார். அது எரிஞ்சு குப்பைக்குப் போயிடுச்சு. நம்பர் சும்மாதானே கெடக்குன்னு இதுல ஒட்டிட்டேன்."

வங்கி ஆளே குபீரென்று சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு மெஷினை இறக்கச் சொன்னார். கூடவே ஸ்டோர் அண்ணனின் ஃபார்மை உருவி இழுப்பறையில் போட்டார். "கம்பெனியை ஏமாத்தியிருக்கீங்க. விசாரிச்சுட்டுப் பார்க்கலாம்."

இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் முகம் செத்துப் போயிற்று.

காஜா அக்கா லாரிப் பக்கமிருந்து திரும்பி வந்தாள்.

"அண்ணன் ஃபார்மை மேல வைங்க சார். இல்லன்னா மெஷின் லாரியிலயே கெடக்கட்டும்."

அடிப்பாவி! கைக்கு வந்ததை யாராவது விடுவார்களா?

"நாலு வருஷம் என் மெஷின்ல கம்பெனிக்குக் காஜா போட்டேனே, ஒரு பைசா வாடகை குடுத்தாங்களா? சர்வீஸ்காரன் கம்பெனிக் காசுல விட்ட நாலு சொட்டு எண்ணெய்க்கு இவரைப் புடிக்கிறீங்களே, யாரு சார் யாரை ஏமாத்தினது?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஃபார்மை எடுத்து மற்றவற்றோடு வைத்தார்.

வாசலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. "அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா..."

"நான் என்னம்மா பண்ணேன்? அந்த ஃபேனுக்குச் சொல்லு!" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சம்பளப் பாக்கி வரப் பதினோரு மாதமாயிற்று, அதுவும் முழுசாக இல்லை. அதுவரை பெண்களின் ஃபீஸையும் கணவரின் மருந்துச் செலவையும் அந்த மெஷின்தான் பார்த்துக்கொண்டது. சின்னவள் ஒருநாள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டப் போனாள்.

"அதுல கை வெச்சே, பாத்துக்கோ!"

இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும் முன்னால், காஜா அக்கா அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் துடைக்கிறாள்.