காதர்பேட்டையில் ஒற்றைத் தலைக் கழுகு

பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைச் சந்து ஒன்றில், மை நாற்றமடிக்கும் பிரிண்டிங் பட்டறையில் நிற்கிறேன். நாளை காலை மதுரையில், நான் வரலாறு நடத்தும் கல்லூரியில் வரலாற்று மன்ற விழா. மாணவர்களுக்கான இருநூறு டி-சர்ட்டுகளிலும் பைசாந்தியப் பேரரசின் இரட்டைத் தலைக் கழுகு இருக்க வேண்டும். இருநூறிலும் ஒரே தலைதான் இருக்கிறது.

"இன்னொரு தலை எங்கங்க?"

பிரிண்டிங் மாஸ்டர் பெருமையாகச் சொல்கிறார்: "நீங்க குடுத்த படத்துல ஸ்கிரீன் நகந்து தலை ரெண்டா உளுந்திருந்துச்சுங்க. நாந்தான் ஒண்ண எடுத்துச் சரி பண்ணி உட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அது தப்பே இல்லைங்க! கான்ஸ்டாண்டிநோபிள்ல இருந்து ஆயிரம் வருஷம் ஆண்டவங்களோட சின்னம் அது. ஒரு தலை மேற்கப் பாக்கும், இன்னொண்ணு கிழக்கப் பாக்கும். நீங்க எடுத்தது கிழக்குத் தலை. துருக்கிக்காரங்க அந்தப் பக்கமிருந்து வந்துதான் அந்தப் பேரரசையே முடிச்சாங்க!"

மாஸ்டர் ஒரு டி-சர்ட்டை விரித்துப் பார்க்கிறார்.

"ஏனுங்க சார், அந்தத் தலை இருக்கறப்பவே தானுங்களே அவிய வந்தாங்க?"

 இருநூறையும் அப்படியே சீக்கிரம் மூட்டை கட்டுங்கள், மதுரைக்குப் போகணும் என்று கத்துகிறேன்.