பசிக்கு ஒரு ஷிப்ட்

எங்கள் ரயில் கோலார் தங்கவயலை விட்டுக் கிளம்பும்போது வானம் விடிந்திருக்காது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நாங்கள் பாதித் தூக்கத்தில் ஏறி, மீதித் தூக்கத்தை ஜன்னலில் தலைசாய்த்துத் தொடர்வோம். பங்காருப்பேட்டை தாண்டி வெளியே மெல்ல வெளுக்கும். வயல்மேல் கிடக்கும் பனியும் கண்ணுக்குள் கிடக்கும் தூக்கமும் ஒன்றாகக் கலந்திருக்கும். அந்த நேரத்தில்தான் ஒவ்வொருவர் போனும் முணுமுணுக்கத் தொடங்கும். சோறே விஷம் என்று ஒரு குரல். கொழுப்பைத் தின்றே கொழுப்பைக் கரைக்கலாம் என்று இன்னொன்று. பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று எதிர் சீட்டில் மூன்றாவது. அரைத்தூக்கத்தில் கேட்கிற எதுவும் வேதவாக்காகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது.

வீட்டில் காரணம் இருந்தது. என் மனைவியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுடைய அம்மாவும் ஊசி போட்டுக்கொண்டவர். பிறகு அவருக்கு ஒரு கால்விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தையே எடுத்தார்கள். ஊசி என்றாலே கால் போய்விடும் என்று இவள் மனதில் பதிந்துவிட்டது. தினமும் படுக்கப் போகும்முன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

சேர்ந்தே இளைப்போம் என்றேன். எனக்கும் தொப்பை இருந்தது, சட்டைப் பித்தான்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் எங்கள் ஊர்க்காரனுக்கு எதையும் ஷிப்ட்டாகச் சொன்னால்தான் புரியும். சாப்பாட்டுக்கும் ஒரு ஷிப்ட் போட்டேன். காலை பத்து முதல் மாலை ஆறு வரை. அதற்கு முன்னும் பின்னும் வெறும் தண்ணீர். சோறு, களி இரண்டும் அடியோடு நிறுத்தம். ஷிப்ட் நேரத்தை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். அப்பா பூமிக்கடியில் வேலை பார்த்தவர், எனக்கு மேஸ்திரி வேலையாவது வேண்டாமா!

எனக்கு அந்த ஷிப்ட் சுலபமாக இருந்தது. பத்து மணிக்கு ஆபீசில் டப்பாவைத் திறப்பேன். துருவிய காலிஃபிளவர், முட்டை, பனீர், வதக்கின கீரை என்று நாலு அடுக்கு இருக்கும். இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கினேன். ரயிலில் என்னை எழுப்பி உபாயம் கேட்டார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டே உபதேசம் செய்தேன்.

அவளுக்கு எடை அசையவே இல்லை. மெஷினில் ஏறி நின்று, குனிந்து பார்த்து, சத்தமில்லாமல் இறங்குவாள். எனக்குக் கோபம் மூக்குநுனியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் ஒரு துண்டு பிஸ்கட்டைப் பார்த்துவிட்டேன்.

"இன்னா, நான் ஊர்ல இல்லாதப்போ இதான் நடக்குதா? யாருக்காக இவ்ளோ பண்றேன் நானு?"

"தலை சுத்துச்சுங்க" என்றாள். பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறு வாரம் இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். என் ஏழு கிலோவை நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார்.

"மாவுச்சத்த நிறுத்தினா முதல்ல இறங்கறதுல நிறைய வெறும் தண்ணிங்க. அப்புறம் இறங்கறது நீங்க கம்மியா சாப்பிட்டதால. எந்த டயட்டா இருந்தாலும் கடைசியில விஷயம் இவ்ளோதான். ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்ல. வருஷக்கணக்குல எதை விடாம செய்ய முடியுமோ அதான் நல்லது. களி சாப்பிடுங்க, அளவா சாப்பிடுங்க, நடங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஊசியால யாருக்கும் காலு போவாதும்மா. சர்க்கரையக் கவனிக்காம விட்டாத்தான் ஆபத்து. அது இருக்கட்டும், நீங்க எத்தினி மணி நேரம் தூங்கறீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "பதினொண்ணுக்குப் படுப்பேன் டாக்டர். மூணுக்கு எழுந்துக்கணும். முன்னல்லாம் நாலுக்கு எழுந்தா போதும். இப்போ இவருக்குத் தனியா, பிள்ளைங்களுக்குத் தனியா செய்யணும் இல்லியா. இவரு ரயிலுக்குக் கிளம்பணும்."

"எழுந்ததிலேர்ந்து பத்து மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடறதில்லியா?"

"ஷிப்ட் பத்துக்குத்தான் டாக்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தூக்கம் குறைந்தால் பசி கூடும், சர்க்கரையும் எளிதில் அடங்காது என்று பொதுவாகச் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார். என் ஏழு கிலோவும் அவள் தூக்கத்திலிருந்து நான் உருவிக்கொண்டது என்று அந்த நாற்காலியில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுதுவிடலாம் போலவும் இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி காற்றில் எழுந்து, வெயிலோடு சேர்ந்து ஊரையே மங்கலாக்கியிருந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நான் எழுந்துக்கலேன்னா கோச்சிக்குவீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் நான் எழுந்து முட்டை வேகவைத்தேன். முந்தின நாள் களியை மோரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். உள்ளேயிருந்து "கேஸை அணைச்சீங்களா?" என்று கேட்டாள். அடுத்த நாள், "உப்பு மேல்தட்டுல இருக்குது" என்றாள். படுத்துத்தான் இருந்தாள், ஆனால் அவளுக்குத் தூங்கத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. சாயங்காலம் கடைத்தெரு வரை நடந்தாள். பசித்தபோது சாப்பிட்டாள். கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். எனக்கு மூன்று கிலோ திரும்பி வந்தது. அவளுக்குச் சர்க்கரை மெல்ல இறங்கி, ஆறாவது மாதம் டாக்டரம்மா ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு வெகுநாள் முன்பு, அந்தப் பன்னிரண்டு நாளை அடுத்து வந்த ஒரு காலை. அடுப்படியில் கரண்டி கைநழுவி விழுந்தது. உள்ளேயிருந்து குரல் வரவில்லை. பயந்துபோய் ஓடிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கன்னத்தின் கீழ், சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் படுத்து எனக்கு முன்னால் எழுகிறவள். ரயில் கூவுகிற சத்தம் கேட்டும் நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.