ஆகஸ்ட் மாத அளவுகள்

வளைகுடாவில் இருந்தபோது, அல் குசைஸிலிருந்து ஜெபல் அலிக்கு நான் வேலைக்குப் போய்வந்தது ஒரு நண்பரின் காரில். டிரைவிங் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, பழியை எல்லாம் இன்ஸ்பெக்டர் தலையில் போட்டுவிட்டு இருந்த காலம் அது. நண்பர் திருநெல்வேலிக்காரர், ஒரு தனியார் கல்லூரியில் சிவில் விரிவுரையாளர். நான் வேலை பார்த்த கான்கிரீட் சோதனைக்கூடம் அவர் போகும் வழியில் இருந்தது. அல் கூஸ் தாண்டும்வரை வண்டி ஊர்ந்துதான் போகும் என்பதால் நாங்கள் பேசாத பேச்சில்லை.

பேச்சு எங்கே தொடங்கினாலும் ஊரிலிருந்த அவருடைய மனைவியிடமும் மகளிடமும்தான் வந்து நிற்கும். உதவிப் பேராசிரியர் ஆனால்தான் அவர் சம்பளம் குடும்ப விசாவுக்கு எட்டும். அதற்கு நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தாக வேண்டும். "ஒரே ஒரு பேப்பர் அண்ணாச்சி. அது மட்டும் வந்துட்டா பிள்ளைய இங்கனயே ஸ்கூல்ல சேத்துருவேன்" என்பார். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அதற்கு எந்தப் பள்ளி நல்லது என்று எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

ஓர் ஆண்டு ஆகஸ்ட் முழுக்க அவர் லீவில் போனார். நான் பஸ்ஸில் அலைந்தேன். நிறுத்தத்தில் நிற்பதற்குள் சட்டை நனைந்துவிடும். மனதாரத் திட்டிக்கொண்டே ஏறுவேன். திரும்பி வந்த அன்று காரில் அவர் ஒரு வேடிக்கை சொன்னார்: "காலேஜ் லேப் சாவி என் பெட்டிக்குள்ளயே ஊருக்கு வந்துட்டு அண்ணாச்சி. வேற சாவியும் கெடையாது. மாசம் பூரா பூட்டியேதான் கெடந்திருக்கு. நல்லவேளை, ஒருத்தனும் தேடல." இருவரும் சிரித்தோம்.

புத்தாண்டு கழிந்து ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை வந்தது. நானும் சில கட்டுரைகள் எழுதியிருந்ததால் இப்படி அவ்வப்போது அனுப்புவார்கள். கூலி கிடையாது, கொஞ்சம் பெருமை உண்டு. எழுதியவர் பெயர் மதிப்பிடும் எங்களுக்குத் தெரியும். எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. திறந்தால் நண்பரின் பெயர்! சந்தோஷம்தான் முதலில் வந்தது. தெரிந்தவர் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி, ஆனாலும் கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

வெயிலில் கான்கிரீட் பலகைகளில் விழும் விரிசலை வாரா வாரம் அளந்திருந்தார். பலகைகள் இருந்தது லேப் வழியாக மட்டுமே போகக்கூடிய ஒரு முற்றத்தில். அட்டவணையில் ஆகஸ்ட் மாதம் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. கட்டுரையின் முடிவே அந்த ஆகஸ்டை நம்பித்தான் நின்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை ஒரு மாதம் பஸ்ஸில் அலையவிட்டு, அந்த மாதத்தை எனக்கே அளந்து காட்டுகிறாரே! இந்த எண்களை நம்பி எவனோ ஒருவன் பால்கனி கட்டுவான், எவளோ ஒருத்தி அதில் நின்று துணி காயப்போடுவாள். இதெல்லாம் தெரியாத ஆளா அவர்?

காரில் வைத்தே கேட்டிருப்பேன். ஆனால் மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதினால் அவர் பெண்டாட்டி பிள்ளை வந்து சேர்வார்கள். பேசாமல் திருப்பி அனுப்பினால், அடுத்து வாங்குகிறவருக்குச் சாவி ஊருக்குப் போன கதை தெரியப்போவதில்லை. கடைசியில் இதழாசிரியருக்கு எழுதினேன்: இவர் என் நெருங்கிய நண்பர், நான் மதிப்பிடுவது முறையல்ல. அந்த ஆகஸ்டில் லேப் பூட்டியிருந்ததாக அறிகிறேன், மூல அளவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

சில வாரம் கழித்து, வேலை முடிந்து திரும்பும்போது அவரே ஆரம்பித்தார்.

"எவனோ ஒருத்தன் ஆகஸ்ட் மாச ஒரிஜினல் ரீடிங்க அனுப்பச் சொல்லிக் கேக்கான் அண்ணாச்சி. எல்லா மாசத்தையும் விட்டுட்டு ஆகஸ்ட மட்டும் கேக்கான்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அல் கூஸ் தாண்டியது. குசைஸில் என் கட்டிடத்து வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"அந்த மாசம் பூரா நீங்க பஸ்லதான போனிய?"

"ஆமா" என்றேன்.

மறுநாள் காலை, இனி கார் வராது என்று பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். வாசலில் ஹாரன் அடித்தது. "யால்லா அண்ணாச்சி, ஏறுங்க" என்றார். அல் கூஸ் சிக்னலில் நின்றபோது, "பேப்பர வாபஸ் வாங்கிட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். குடும்ப விசா அந்த வருஷமும் தள்ளிப்போயிற்று. நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் நான் ஒருநாளும் பஸ்ஸில் போகவில்லை. லேப் சாவியை அவர் கார் சாவி வளையத்திலேயே மாட்டியிருந்தார். ஒரு காலை ஊரிலிருந்து மகள் போனில் அழைத்தாள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "இந்த லீவுக்கு வர முடியாதும்மா. அப்பாவுக்கு இங்க அளக்க வேண்டியது இருக்கு."